பழனி வரை நடக்க முடிகிறது, மூன்று நிமிடம் ஓட முடியவில்லை. எங்கே தப்பு?

கோட்டையூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி பக்கம் கோட்டையூர். வயது 36, உயரம் 170 செ.மீ., எடை 81 கிலோ. கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தைப்பூசத்துக்கு வருடா வருடம் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற பழக்கம் உண்டு. அந்தத் தெம்பில்தான் ஓட ஆரம்பித்தேன், ஐந்து வாரம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள், காலை ஆறரைக்கு, வீட்டுப் பக்கத்துத் தார் ரோட்டில். காலில் பழைய கான்வாஸ் ஷூ.

400 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு இரைத்து நின்றுவிடுகிறேன். போனில் பார்த்தால் அந்தத் தூரத்துக்கு 2 நிமிடம் 10 விநாடி காட்டுகிறது. மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டும் என்கிறார்கள், அப்படிச் செய்தால் இன்னும் மோசம். சில நாள் வலது விலாவில் ஊசி குத்துவது மாதிரி பிடிக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கம் வலி. ஆரம்பிக்கும்போது வலிக்கும், கொஞ்சம் ஓடினால் குறையும், சாயங்காலம் மறுபடி வரும்.

ஆடி பிறப்பதற்குள் நிற்காமல் 5 கி.மீ. ஓட வேண்டும் என்று ஆசை. அவ்வளவு நடக்க முடிகிற காலுக்கு இது ஏன் முடியவில்லை? எதிலிருந்து திருத்த வேண்டும்?

செம்மண்தடம்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 400 மீட்டருக்கு 2 நிமிடம் 10 விநாடி என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 25 விநாடி. அது நன்றாக ஓடிப் பழகியவர்களின் வேகம். ஐந்து வாரக் காலுக்கு அந்த வேகத்தில் மூச்சு இரைக்காவிட்டால்தான் ஆச்சரியம். தசை கேட்கிற ஆக்ஸிஜனை நெஞ்சு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கடன் ஏறிவிடுகிறது, நிற்க வேண்டியதாகிறது.

கிலோமீட்டருக்கு 8 முதல் எட்டரை நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அதே 400 மீட்டருக்கு 3 நிமிடம் 12 விநாடியிலிருந்து 3 நிமிடம் 24 விநாடி. வேகமாக நடக்கிறவரே 10 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடுவார், ஆகவே இது நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பார்க்கிறவர்கள் "இது என்ன ஓட்டம்" என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தில் வேகம் கூட்டித்தான் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். வேகம் சரியா என்று அறியக் கைக்கடிகாரம்கூட வேண்டாம். ஓடிக்கொண்டே "நாளைக்கு ஆறு மணிக்குக் கடை திறக்கணும், சாவி யார்கிட்ட இருக்கு" என்று முழுசாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிறுத்தாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். "நாளைக்கு... ஆறு மணிக்கு..." என்று உடைந்தால் உடனே குறையுங்கள்.

பழனி நடையும் ஓட்டமும் ஏன் வேறு என்று கேட்டீர்கள். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடம்பு ஒரு கணம் அந்தரத்தில் எழும்பி ஒற்றைக் காலில் இறங்குகிறது. இறங்குகிற காலில் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு சுமை விழும். 81 கிலோவுக்கு அது 160 முதல் 240 கிலோ. மெதுவாக ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,200 எட்டு. அத்தனை தடவை அந்தச் சுமையைத் தாங்க எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். இதயமும் மூச்சும் அதற்கு முன்பே, சில வாரங்களில் பழகிவிடும். ஆபத்து இந்த இடைவெளியில்தான். மூச்சு கொஞ்சம் சரியானதும் "இப்போ முடியுதே" என்று தூரத்தைக் கூட்டுவோம், கால் அங்கே உடையும். உங்கள் நெடுநடைப் பழக்கம் பொறுமைக்கும் பாதத் தோலுக்கும் உதவும், இந்த இடிக்கு உதவாது.

ஆறு நாள் ஓட்டத்தை மூன்று நாளாக்குங்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று இடையில் ஒரு நாளாவது விட்டு. ஒவ்வொரு நாளும் முதல் 5 நிமிடம் நடை, கடைசி 5 நிமிடம் நடை. நடுவில் இப்படி:

முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை. இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஏழு தடவை. மூன்றில் 2-க்கு 2, ஆறு தடவை. நான்கில் 3-க்கு 2, ஐந்து தடவை. ஐந்தில் 5-க்கு 2, நாலு தடவை. ஆறில் 8-க்கு 2, மூன்று தடவை. ஏழில் 12-க்கு 2, இரண்டு தடவை. எட்டாம் வாரம் ஒரே மூச்சில் 20 நிமிடம், ஒன்பதில் 25, பத்தில் 30. முப்பது நிமிடம் நிற்காமல் ஓடினால் இந்த வேகத்தில் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் மட்டும் வாரம் 4 நிமிடம் கூட்டிக்கொண்டு போனால், இன்னும் மூன்று வாரத்தில் 5 கி.மீ.

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசித் தடவை ஓடும்போது அந்த ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த வாரமும் இதே வாரம்தான். ஓட்டத்துக்கு நடுவே நடப்பதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே இந்த ஓட்டம்-நடை முறையைத்தான் உலகெங்கும் பரப்பினார், இதே முறையில் மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். நடை இடைவேளையை மூச்சு முட்டுவதற்கு முன்பே, மணி பார்த்து எடுக்க வேண்டும். முட்டிய பிறகு எடுத்தால் அடுத்த சுற்றுக்குள் தெளியாது.

மூக்கு விஷயம்: வாயும் மூக்கும் சேர்த்தே விடுங்கள். ஓடுகிற உடம்புக்கு வேண்டிய காற்று மூக்கு வழியாக மட்டும் பெரும்பாலோருக்குப் போதாது. உள்ளே இழுப்பதைவிட முழுசாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள், இழுப்பது தானே ஆழமாகிவிடும். விலாப் பிடிப்பு வந்தால் வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, உதட்டைக் குவித்து நீளமாக ஊதி விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினாலும், கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரை மொத்தமாகக் குடித்தாலும் இது அதிகம் வரும்.

ஆனால் கால் வலி இருப்பதால் இந்த அட்டவணையை இன்றே தொடங்காதீர்கள். அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தேவகோட்டை பிசியோ:

கோட்டையூர்வாசி, நீங்கள் சொல்கிற குறிகள் ஷின் ஸ்பிளிண்ட் என்பதோடு ஒத்துப்போகின்றன. கணைக்கால் எலும்பின் உள்ஓரத்தில், தசைகள் இழுக்கும் இடத்தில் எலும்பின் மேலுறையும் எலும்பும் எரிச்சலடைவதுதான் அது. எதற்கும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். மூன்று நான்கு விரல்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளிண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே புள்ளியில், ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அல்லது அந்த ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் குத்தினால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை முழுதும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அதன் மேலேயே ஓடி முழு முறிவாக்கிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்.

பரவலான வலிதான் என்றால் இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். வலிக்காத அளவுக்கு நடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் செய்யலாம். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது, எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டுத் தீயில் இறங்குகிற காரியம் அது.

இந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இடி தாங்குகிற கெண்டைச்சதை பலமில்லாமல் இருப்பதுதான் பலருக்கு அடிப்படைக் காரணம். வீட்டுத் திண்ணைப் படி விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நின்று, தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு விநாடியில் குதிகாலை உயர்த்துங்கள், மூன்று விநாடியில் மெதுவாகப் படி மட்டத்துக்குக் கீழே வரை இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. இதே பயிற்சியை முழங்காலைக் கொஞ்சம் மடக்கியும் செய்யுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கிற சதைக்கு வேலை. இறக்குவதை வேகமாகச் செய்தால் பாதிப் பலன் போய்விடும். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால்களை ஓர் அடி முன்னால் வைத்து, முன்பாதங்களை மேலே தூக்கி இறக்குங்கள், 20 தடவை இரண்டு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். 15 தடவை எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலில் செய்யுங்கள்.

30 நிமிடம் வேகமாக நடந்தும் வலியில்லை, ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதித்தும் வலியில்லை என்றால் செம்மண்தடம் அண்ணன் சொன்ன முதல் வாரத்தைத் தொடங்கலாம். ஓடும்போது லேசான வலி இருக்கலாம். பத்துக்கு இரண்டு மூன்று என்கிற அளவில் நின்று, மறுநாள் காலை முழுதும் போய்விட்டால் தொடரலாம். மறுநாளும் இருந்தால் முந்தைய வாரத்துக்குத் திரும்புங்கள்.

எட்டு வைப்பதையும் பார்க்க வேண்டும். வலது கால் 30 விநாடியில் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்று வந்துவிடும். 150-க்குக் கீழே இருந்தால் எட்டு மிக நீளம், கால் உடம்புக்கு முன்னால் நீண்டு விறைப்பாக இறங்குகிறது, இடி நேரே எலும்புக்குப் போகிறது. வேகத்தைக் கூட்டாமல் எட்டை மட்டும் சுருக்கி, 30 விநாடிக்கு 37 என்றிருந்ததை 39 ஆக்குங்கள். போதும். அடுத்த மாற்றம் ஒரு மாதம் கழித்து.

கான்வாஸ் ஷூவைக் கடைக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் தட்டையான ரப்பர்தான், மெத்தை இல்லை. ரன்னிங் ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடப்போகும் சாக்ஸையே போட்டு, எழுந்து நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெரும்பாலும் செருப்பு அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ கூட வரும். ஷூவை இரண்டு கையால் வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். விலை கூடியதுதான் நல்லது என்றில்லை, கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பார்த்துச் சௌகரியமாக இருப்பதை எடுங்கள். 500 முதல் 800 கி.மீ. வரை மெத்தை உழைக்கும். நனைந்த ஷூவை வளவில் உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள், ஒட்டுப் பசையும் மெத்தையும் கெட்டுப்போகும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள்.

பள்ளத்தூர் தோழி:

இந்தத் திரியைப் பெண்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மெதுவாகத்தான் ஓடுகிறீர்கள், ஆறு ஏழு வாரம் ஆகியும் மாடிப்படி ஏறினாலே படபடப்பு, நாள் முழுக்கச் சோர்வு என்றால் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன்னால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்புச்சத்து குறைந்திருக்கலாம், அதற்கு ஃபெரிட்டின் என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் எடுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் கூடச் சேர்ந்தால் நன்றாக ஏறும்.

சாதாரண உள்ளாடையோடு ஓட வேண்டாம். ஸ்போர்ட்ஸ் பிரா போட்டு நின்ற இடத்தில் பத்துத் தடவை குதித்துப் பாருங்கள், ஆடாமல் பிடித்து, ஆழமாக மூச்சிழுக்கவும் விட்டால் அதுதான் அளவு. தொடை உரசும் இடத்திலும் பிரா பட்டியின் கீழும் கிளம்புவதற்கு முன் வாசலின் தடவினால் புண்ணாகாது. பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், கொப்புளம் அதனால்தான். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்தது நல்லது.

அதிகாலை ஐந்து:

கோட்டையூர் அண்ணே, ஆறரை மணி என்பதை முதலில் மாற்றுங்கள். மாசி போய்ப் பங்குனி, சித்திரை வரும்போது நம்ம பக்கம் ஆறு மணிவாக்கில் சூரியன் வந்துவிடும், ஆறரைக்கெல்லாம் வெயில் ஏற ஆரம்பிக்கும். விடிவதற்கு முந்தைய நேரம்தான் நாளிலேயே குளிர்ச்சி. ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறுக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெளிர் நிறச் சட்டை, முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை, கையில் ஒரு சின்ன டார்ச்.

புழுக்கத்தில் ரத்தத்தின் ஒரு பங்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போய்விடுகிறது, காலுக்கு மிச்சம் குறைவு. அதே முயற்சிக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூட ஆனால் கவலைப்படாதீர்கள். வெயில் பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தச் சாவி வாக்கியத்தையே நம்புங்கள்.

தண்ணீர்: எழுந்ததும் ஒரு டம்ளர், அவ்வளவுதான். அரை மணி ஓட்டத்துக்கு வழியில் குடிக்கத் தேவைப்படாது. மாதம் ஒரு தடவை ஓடுவதற்கு முன்னும் பின்னும் வேர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது என்று கணக்கு. அதை அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுங்கள். அதற்கு நீராகாரத்தில் உப்புப் போட்டு இரண்டு டம்ளர், இல்லை நீர்மோர். பாட்டில் பானம் வாங்கத் தேவையே இல்லை. ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெயிலில் ஓடும்போது புல்லரிப்பது, குளிர்வது, தலை சுற்றுவது, பேச்சு குழறுவது இதில் எது வந்தாலும் அங்கேயே நின்று நிழலுக்குப் போங்கள். பேச்சில் தடுமாற்றமும் உடம்பில் கொதிப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம் வந்தாலும் அதே 108. வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை, கொதிப்பு இருந்தாலோ, முதல் வாரத்துக்கு முன்பே ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு துண்டு வெல்லம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு: ராத்திரி ஒன்பதரைக்குக் கறிக்குழம்பும் பரோட்டாவும் என்றால் காலையில் வயிறு கனக்கும். எட்டு மணிக்குள் இட்லி, இடியாப்பம் என்று முடித்துக்கொள்ளுங்கள். காலையில் பசித்தால் கிளம்ப அரை மணிக்கு முன் பாதி வாழைப்பழம். திரும்பி வந்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோடு இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. எடை குறைவது பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது தோராயமாக எடைக்கு எத்தனை கிலோவோ அத்தனை கலோரி. உங்களுக்கு 3 கி.மீ.க்கு 240 சொச்சம். நாலைந்து வெள்ளைப் பணியாரத்தில் அது திரும்பி வந்துவிடும். ஓட்டம் இதயத்துக்கு, தூக்கத்துக்கு, சர்க்கரைக்கு நிச்சயம் நல்லது. இடுப்பு குறைய வேண்டும் என்றால் தட்டையும் பார்க்க வேண்டும்.

கோட்டையூர்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அழுத்திப் பார்த்தேன், நாலு விரல்கடை நீளத்துக்குப் பரவலாகத்தான் வலிக்கிறது, ராத்திரி வலி இல்லை, குதித்தால் குத்தவும் இல்லை. இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் திண்ணைப் பயிற்சி செய்கிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். கண்மாய்க்கரை மண் தடத்தில் ஓடினால் காலுக்கு நல்லதா? ஐந்தேகாலுக்குத் தெருவில் நாய்த் தொல்லை, அதற்கு என்ன வழி?

செம்மண்தடம்:

அழுந்திக் கெட்டித்த செம்மண் தடம் தாரைவிடக் கொஞ்சம் மென்மை. ஆனால் கண்மாய்க்கரையை முதல் இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். இருட்டில் பள்ளம் தெரியாது, பாம்பு நடமாட்டம் உண்டு, சீமைக்கருவேல முள் எந்த ஷூவின் மெத்தையையும் துளைக்கும். அந்த முள் அடியிலேயே முறிந்து உள்ளே நின்றுவிடும். அன்றைக்குத் தெரியாது, மெத்தை அமுங்க அமுங்க நாலு நாள் கழித்துப் பாதத்தில் ஏறும். மண்ணில் ஓடிய நாளெல்லாம் ஷூவைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தட்டுப்பட்டால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

நம்ம ஊர்களில் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற அளவுக்கு நீளம், தெருக்களும் நேர்கோடு. ஓடிப் பழக இதைவிட நல்ல தடம் கிடைக்காது. 400 அல்லது 500 மீட்டர் நீளத் தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போய்த் திரும்புங்கள். வலி வந்தாலும் வீடு பக்கம். தார் ரோடுகள் ஓரத்தில் சரிந்திருக்கும், ஒரே ஓரத்தில் தினமும் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் சாய்வு விழுந்து முழங்கால் வெளிப்பக்கம் வலிக்கும். ஆளில்லாத தெருவில் நடுவிலேயே ஓடலாம். வண்டி வரும் ரோடு என்றால் வலது ஓரம், எதிரே வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நாய்க்கு: ஓடுவதைத்தான் துரத்தும். இருபது முப்பது அடி முன்பே நடைக்கு மாறிவிடுங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள். பாய வந்தால் நின்று, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். ஓரிரு வாரம் அதே நேரத்தில் அதே தெருவில் போனால் பெரும்பாலான தெருநாய்கள் பழகிவிடும். ஒருவேளை கடித்தாலோ பல் கீறினாலோ, சின்னக் காயமென்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்ததை இங்கேயே எழுதுங்கள் தம்பி, முதல் வாரம் தொடங்கலாமா என்று சேர்ந்து பார்ப்போம்.